ஆல்ட்யே துடைத்த கடல்

ஹாலந்துக் கடற்கரையில், ஓவியர் லாம்பெர்ட்டின் பட்டறையில் ஆல்ட்யேவுக்கு ஒரே வேலைதான். அவர் கீறிக் கொடுத்த செப்புத் தகட்டில் கறுப்பு மை பூசி, கீறல்களில் மட்டும் அது தங்கும்படி உள்ளங்கையால் அழுத்தித் துடைத்து, அச்சில் ஏற்ற வேண்டும். நன்றாகத் துடைத்தால்தான் படத்தில் கடல் வெளுத்து, சாதுவாகக் கிடக்கும்.

ஹெர்ரிங் மீன் பிடிக்கப் போன படகுகளில் அவள் புருஷன் கிரைனின் படகு மட்டும் திரும்பவில்லை. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு தரம் துடைப்பாள்; ஜன்னலுக்கு ஓடுவாள். துடைபடாமல் தங்கிய மை, படத்தில் கடலைக் கறுக்க வைத்து மிரட்டியது.

“நான் வரைஞ்சது அமைதியான கடலாச்சே! இதென்ன இழவு?” என்று கத்தினார் லாம்பெர்ட்.

“வாயக் கழுவுங்க ஐயா! அமைதியாம் அமைதி! கரையில வந்து நின்னு பாருங்க, தெரியும்!”

சில நாள் கழித்து, ஒருவழியாகக் கிரைன் கரை சேர்ந்தான். ஆல்ட்யே பாடிக்கொண்டே துடைத்தாள். கடல் பாலாய் வெளுத்தது. லாம்பெர்ட் பதறி ஓடிவந்தார்.

“ஐயோ, அந்தக் கறுப்புக் கடலைத்தாம்மா படம் வாங்க வர்றவங்க எல்லாரும் கேக்கறாங்க! அதே மாதிரி துடைச்சுக் குடேன்.”

ஆல்ட்யே அவரை முறைத்தாள்.

“அதுக்கு என் புருஷன் மறுபடி காணாமப் போகணும். வேற ஆளப் பாருங்க.”