கரைக்குப் பின்னால் கலங்கிய தண்ணீர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், புது வருஷம் பிறந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அது. புதுச்சேரியிலிருந்து சேதராப்பட்டு போகிற பாதையில், பெரிய மனிதர் ஒருவருக்கு ஒரு தோட்டம் இருந்தது. செம்மண் மேடுகளுக்கு நடுவே ஓடிய ஓடையை மறித்து, இரண்டு ஆள் உயரத்துக்கு மண்கரை போட்டுக் குளமாக்கியிருந்தார். பாசனத்துக்கு இல்லை, முழுக்க உல்லாசத்துக்குத்தான். ஐந்து படகுகள் இருந்தன. கரைக்குப் பின்னால் பள்ளத்தில் நல்ல மரநிழல். தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும் ஊரிலிருந்து குடும்பம் குடும்பமாக மாட்டுவண்டியில் வந்து, அந்த நிழலில் பாய் விரித்துச் சமைத்துச் சாப்பிட்டு, படகு விட்டுவிட்டுப் போவார்கள்.

புதுச்சேரியின் உப்பளம் பகுதியிலிருந்து சைக்கிளில் போய் அந்தத் தோட்டத்தை மேற்பார்வை பார்த்தவன் நான். அப்போது எனக்கு வயது முப்பத்தொன்று. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்ற மிதப்பு நிறையவே இருந்தது. ஐயா என்பதற்கு எங்கள் ஊரில் வழங்கிய பிரெஞ்சுச் சொல்லால், 'முசே' என்றே என்னையும் கூப்பிடுவார்கள்.

குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போக, கரையின் ஓரத்தில் கல் கட்டிய ஒரு வழி உண்டு. கலிங்கல் என்போம். மழை ஓய்ந்தால் தண்ணீர் இறங்கிப் படகு தரை தட்டுமே என்று அந்தக் கலிங்கலில் மூன்று பலகைகளைச் செருகி வைத்தேன். ஒரு முழம் தண்ணீர் கூடுதலாக நின்றது. குளம் தளும்புவதைப் பார்த்து முதலாளி சந்தோஷப்பட்டார். பலகை விஷயத்தை நான் அவரிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை பகல் முழுக்க யாரும் எதிர்பாராத மழை. ஞாயிறு காலை வெயில் அடித்தது, கூட்டமும் வந்துவிட்டது. குழந்தைகளோடு அறுபது பேர் இருப்பார்கள். நான் படகுத் துறையில் நின்றிருந்தேன். கரையின் பின்சரிவில் தன் பசுவுக்குத் தினமும் புல் அறுக்கிற ஒரு பெண் என்னிடம் வந்தார். ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும்.

"முசே, கரைக்குப் பின்னால தண்ணி கலங்கி வருது. வந்து பாருங்க."

"மண்கரைன்னா கசியத்தான் செய்யும். எப்பவும் கசியுற எடந்தான அது?"

"எப்பவும் கசியும். தெளிவா கசியும். இன்னிக்கு செவப்பா வருது."

படகுக்குக் காத்திருந்தவர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் போனார். சமைத்துக்கொண்டிருந்த யாரிடமோ ஒரு வெள்ளை எனாமல் குவளையைக் கேட்டு வாங்கி, அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். குவளையை என் முன்னால் அசையாமல் பிடித்தார். பார்த்துக்கொண்டே இருக்கும்போது அடியில் செம்மண் படிந்தது.

"இது கரையோட மண்ணு முசே. உள்ளேருந்து வருது."

ஓடினேன். பாய்களுக்கு இருபது அடி தள்ளி, கரையின் அடியில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. எறும்புப் புற்று மாதிரி அதைச் சுற்றி மண் வளையம். பள்ளத்தில் இருந்தவர்களை எல்லாம் மேட்டுக்குப் போகச் சொன்னேன். பாதி வெந்த சோற்றை விட்டுவிட்டுப் போகச் சிலர் முணுமுணுத்தார்கள். போனார்கள்.

முதலாளி வந்து பார்த்தார். நானும் படகோட்டிகள் இரண்டு பேரும் களிமண்ணை அள்ளிப் போட்டு மிதித்தோம். ஊற்று நின்றது. அப்பாடா என்று நிமிர்ந்தேன். பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, முன்னைவிடச் சிவப்பாக, இரண்டு இடத்தில் தண்ணீர் பீறிட்டது. மறுபடி களிமண்ணை அள்ளக் குனிந்தேன்.

"அடைக்காதீங்க முசே," என்றார் அந்தப் பெண். "அடைச்சா அது வேற வழி தேடும். தண்ணி போவட்டும், மண்ணுதான் போவக்கூடாது. நானும் எங்க வூட்டுக்காரரும் கெணறு வெட்டுற வேலைக்குப் போறவங்க. அடியில மண்ணோட ஊத்து பொங்கினா, ஆத்து மணல் போட்டு, அதுமேல பொடி ஜல்லி போட்டு, அதுமேல கல்லு போடுவோம்."

எனக்கு அது தலைகீழாகப் பட்டது. ஒழுகுகிற இடத்தை ஒழுகவிடு என்கிறாரே. ஆனால் அவர் முகத்தில் கொஞ்சமும் பதற்றமில்லை. நடைபாதை போடக் கொட்டி வைத்திருந்த மணலும் ஜல்லியும் பக்கத்திலேயே கிடந்தன. மேட்டுக்குப் போன ஆண்கள் பாதிப் பேர் இறங்கி வந்துவிட்டார்கள். கூடையில், சமையல் அண்டாவில், தொப்பியில்கூட மணல் வந்தது. எங்கே எவ்வளவு கொட்ட வேண்டும் என்று அவர் கைகாட்டிக்கொண்டே இருந்தார்.

நான் முதலாளியிடம் போனேன். எல்லார் முன்னாலும்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"கலிங்கல்ல பலகை செருகினது நான்தான் முசே. அதனாலதான் இவ்ளோ தண்ணி."

அவர் கலிங்கல் பக்கம் கையை நீட்டினார். "போய் எடு," என்றார்.

பலகைகள் ஊறிப் பிடித்துக்கொண்டிருந்தன. கோடாலியால் பிளந்துதான் எடுத்தேன். தண்ணீர் இரைச்சலோடு கலிங்கல் வழியாக ஓடைக்கு இறங்கியது.

திரும்பி வந்தபோது அந்தப் பெண் கற்குவியலின் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கல் இடுக்குகளிலிருந்து தண்ணீர் வந்துகொண்டேதான் இருந்தது. முதலில் சிவப்பாக, பிறகு தேயிலைத் தண்ணீர் நிறத்தில். ஒரு மணி நேரம் இருக்கும். மறுபடி குவளையில் பிடித்தார். அடியில் எனாமலின் வெள்ளை தெரிந்தது. பூசையில் மணி அடிக்கும்போது நிற்பதுபோல நின்றோம்.

கோடையில் குளத்தை வடித்துக் கரையை வெட்டிப் பார்த்தார்கள். கரை போட்ட காலத்தில் பிடுங்காமல் விட்ட ஒரு பழைய பனையின் அடிக்கட்டையும் வேர்களும் மக்கிப்போய், அந்த வழியாக மண் கரைந்து, உள்ளே ஒரு குகையே உண்டாகியிருந்தது. நான் மண்டிபோட்டு நுழைந்தேன். என் உடம்பு முழுவதும் உள்ளே போய்விட்டது. தலைக்கு மேலே இருந்தது இரண்டு முழ மண்தான். அதன்மேல்தான் ஒவ்வொரு நாளும் சைக்கிளை உருட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

கரையைப் புதிதாகக் கட்டி, கலிங்கலை அகலப்படுத்தினார்கள். தினமும் கரையைப் பார்த்துச் சொல்லும் வேலையை முதலாளி அந்தப் பெண்ணுக்கே கொடுத்தார். அவர் என் பக்கம் திரும்பித்தான் சம்மதம் சொன்னார்.

"பாக்குறேன். ஆனா நான் சொன்னா ஒடனே வரணும்."

அப்புறம் ஒரு தடவைகூட நான் தாமதித்ததில்லை. அறுபது பேர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த அந்த நிழலுக்கும் அவ்வளவு தண்ணீருக்கும் நடுவே அன்று காவலாக நின்றது, தினமும் புல் அறுக்கக் குனிந்த ஒருவரின் கண் மட்டும்தான். அதை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் என் தலை தானாகத் தாழ்கிறது.