தமிழுக்குத் தடை போட்ட மேசை

போன வாரம் மின்னணுவியல் வகுப்பில், பலகையில் ஒரு மின்சுற்றை வரைந்துவிட்டு, “எனி கொஸ்டின்ஸ்?” என்றேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. என்னை மதிப்பிட வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த துறைத்தலைவர் பேனாவை எடுத்தார்.

இந்த மௌனம் எனக்குச் சின்ன வயதிலேயே பழக்கம். சிங்கப்பூரில் எங்கள் ஆங் மோ கியோ வீட்டில், பிள்ளைக்கு ஆங்கிலம் வரட்டும் என்று அம்மா சாப்பாட்டு மேசையில் தமிழுக்குத் தடை போட்டார். மிளகு ரசம் மணக்கும், மின்விசிறி கடகடக்கும், பேச்சு மட்டும் இருக்காது. தான் வேலை பார்த்த கப்பல் பட்டறைக் கதைகளைத் தமிழில் சொல்லி எங்களுக்குப் புரையேற வைத்த அப்பா, “பாஸ் ரசம் லா” என்று ரசம் கேட்பதோடு நிறுத்திக்கொள்வார். கடைசியில் அம்மாவே தாங்காமல் கரண்டியைக் கீழே வைத்தார்.

“ஏங்க, பாதியில நிறுத்தின கதையில அந்த கிரேனுக்கு என்னதான் ஆச்சு? தமிழ்லயே சொல்லித் தொலைங்க.”

அந்த நினைப்பில் வகுப்பில் நானும் துணிந்தேன். பக்கத்தில் இருப்பவரோடு அவரவர் வீட்டு மொழியில் பேசிப் பார்க்கச் சொன்னேன். சீனம், மலாய், தமிழ் எல்லாம் கலந்து வகுப்பு தேக்கா சந்தைபோல இரைச்சலானது. வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டே, மன்னார்குடியிலிருந்து வந்து படிக்கும் கவிதாவிடம் தமிழில் கேட்டேன்.

“என்னம்மா, எங்க புரியல?”

“புரியுது சார். டயோடைத் திருப்பிப் போட்டிருக்கீங்க.”

பலகையைப் பார்த்தேன். தலைகீழாகத்தான் இருந்தது. துறைத்தலைவரும் அவசரமாகத் தன் தாளில், பலகையைப் பார்த்து வரைந்திருந்த சுற்றைத் திருத்திக்கொண்டிருந்தார்.

“மொதல்லயே சொல்லியிருக்கலாமே?”

“உங்க மனசு நோகாம அதை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றதுன்னு தெரியல சார்.”