அறுபத்தொன்பது வினாடி

அவர் பல்செட் செய்கிறவர். மூன்று பல் மருத்துவர்களிடமிருந்து அச்சுகள் வரும். இளஞ்சிவப்புப் பசையில் பதிந்த வாய்கள், ஈரத்துணி சுற்றி, பிளாஸ்டிக் டப்பாவில். சிலவற்றில் ரத்தம் இருக்கும். சிலவற்றில் காலையில் சாப்பிட்டது. கழுவிவிட்டு அனுப்புங்கள் என்று இருபது வருடமாகச் சொல்கிறார், யாரும் கழுவுவதில்லை. அவரே கழுவி, பிளாஸ்டர் ஊற்றி, மெழுகு வைத்து, பல்லை ஒவ்வொன்றாக நிறுத்துவார். கையுறை போடமாட்டார். போட்டால் மெழுகின் சூடு விரலுக்குத் தெரியாது. வேலை முடிந்ததும் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்வார். அவ்வளவுதான். அடுத்தவர் வாய்மீது அவருக்கு அருவருப்பு இருந்ததில்லை. ஒரு பல் முடியளவு உயர்ந்து நின்றுவிட்டால்தான் முகம் சுளிப்பார். முடியளவு உயர்ந்தாலும் வாய் கண்டுபிடித்துவிடும் என்பார்.

பட்டறை ஒன்பதுக்குத் திறக்கும். காலை ஐந்திலிருந்து ஏழுவரை அவர் வேறொரு வேலை பார்ப்பார். கம்ப்யூட்டரில் சூரியமண்டலம் முழுவதையும் சுற்றிப் பார்க்கும்படி ஒரு மென்பொருள் இருக்கிறது. இலவசம். எங்கெங்கோ இருக்கும் ஆட்கள் சேர்ந்து அதை வளர்க்கிறார்கள். ஒருவர் நிலவின் பள்ளங்களை ஏற்றுவார், ஒருவர் வால்நட்சத்திரங்களை. இவர் விண்கலங்களின் பாதைகளை ஏற்றுகிறார். இந்த நாளில், இந்த நேரத்தில், சூரியனிலிருந்து இந்த இடத்தில் கலம் இருந்தது என்று ஆராய்ச்சி நிலையங்கள் பட்டியல் வெளியிடும். ஒரு வரிக்கு ஒரு நேரம், மூன்று எண்கள். அப்படி நாற்பதாயிரம் வரி. அதை மென்பொருளுக்குப் புரிகிற மாதிரி ஒழுங்கு செய்து போட்டால் திரையில் கலம் போகும்.

“ராத்திரி பகலா சம்பாதிக்கிறவனும் தூங்குறான், இவரு எந்திரிச்சு ராக்கெட் விடுறாரு” என்பாள் மனைவி. ஆனால் அந்த இரண்டு மணி நேரம் அவரைக் கூப்பிடமாட்டாள்.

ஆறு வருடத்துக்கு முன் அவர் ஏற்றிய முதல் பாதை, செவ்வாயைத் தாண்டிப்போன ஒரு சிறு கலத்தினுடையது. தரையிலிருந்து ஆயிரத்து நூறு கிலோமீட்டர் உயரத்தில் கடந்து, நாற்பது படம் எடுத்து அனுப்பிவிட்டு, அப்பால் போய்விட்டது. இறங்க அனுப்பியது அல்ல. கடக்க அனுப்பினார்கள், கடந்தது.

அதில் அவர் ஒரு தப்புச் செய்தார். வானியல்காரர்களுக்கு ஒரு கடிகாரம், ஊர் உலகத்துக்கு ஒரு கடிகாரம். இரண்டுக்கும் அறுபத்தொன்பது வினாடி வித்தியாசம். பட்டியல் வானியல் கடிகாரத்தில் இருந்தது. மென்பொருள் கேட்டதும் அதைத்தான். அப்படியே ஏற்றியிருந்தால் போதும். அவரோ கவனமாக, மிகக் கவனமாக, நாற்பதாயிரம் வரியிலும் அறுபத்தொன்பது வினாடியைக் கழித்தார். ஊர்க் கடிகாரத்துக்கு மாற்றுவதாக நினைப்பு. செவ்வாய் நொடிக்கு இருபத்து நாலு கிலோமீட்டர் ஓடுகிறது. அறுபத்தொன்பது நொடியில் ஏறக்குறைய ஆயிரத்து அறுநூற்று அறுபது. அவ்வளவு தூரம் விலகிய கலம் கிரகத்தைத் தாண்டவில்லை, அதற்குள் புகுந்தது. தூரத்திலிருந்து பார்த்தபோது கோடு புள்ளியைத் தொட்டுக்கொண்டு போனது. சரியாக இருக்கிறது என்று விட்டுவிட்டார்.

நாலு மாதம் கழித்து எங்கோ ஒருவர் எழுதினார்: “உங்கள் கலம் மண்ணுக்குள் போகிறது.” அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் திருத்தி ஏற்றினார். மன்னிப்பும் எழுதினார். பழைய கோப்பை எடுத்துவிட்டார்கள். முடிந்தது என்று நினைத்தார்.

மனைவியின் தம்பிக்குக் கோளரங்கத்தில் வேலை. பெரிய குவிந்த கூரை, சாய்கிற நாற்காலிகள், தினமும் ஐந்து காட்சி. இவன்தான் படம் ஓட்டுகிறவன். இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒருநாள் நாலு பாஸோடு வந்தான்.

“அத்தான், உங்க பேரு கூரைல வருது. ஒரு வருஷமா வருது. சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான் சொல்லல.”

“எம் பேரா? எதுக்கு?”

“நீங்க போட்ட ராக்கெட்டுதான். அன்னைக்கு பென்டிரைவ்ல கேட்டு வாங்கிட்டுப் போனேன்ல? அதுதான் இப்ப ஷோவே.”

அவர் கையிலிருந்த மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தார். “எப்ப வாங்கிட்டுப் போன?”

“நீங்க போட்ட மறுவாரமே.”

சனிக்கிழமை மதியம் போனார்கள். உள்ளே பொரிந்த எண்ணெய் வாடை. செருப்பு தரையில் ஒட்டி ஒட்டி வந்தது. கைப்பிடிக்கு அடியில் யாரோ ஒட்டியிருந்த சூயிங்கம் அவர் விரலில் பட்டது, இன்னும் இளகலாக. எந்த வாய் என்று தெரியாத எச்சில். கைக்குட்டையால் துடைத்தார். போகவில்லை.

விளக்கு அணைந்தது. கம்பீரமான ஒரு குரல் பேசியது. கலம் வந்தது. அவருடைய கலம். செவ்வாய் கூரை முழுக்கப் பெரிதாகிக்கொண்டே வந்தது. ‘தன் உயிரைக் கொடுத்து உண்மையைத் தேடிய வீரக் கலம்’ என்றது குரல். பிறகு ஓர் இடி. நாற்காலிகள் அதிர்ந்தன. கூரை வெள்ளையாக எரிந்தது. குழந்தைகள் வீறிட்டன. பின் ஒரே கைதட்டல். கடைசியில் வரிசையாகப் பெயர்கள் ஓடின. ‘விண்கலப் பாதை’ என்பதற்கு எதிரே அவருடைய பெயர், அப்பாவின் முதலெழுத்தோடு.

“ஏங்க, நல்லாத்தானே இருந்துச்சு? ஏன் மூஞ்சி இப்படிப் போகுது?” என்றாள் மனைவி.

“கை கழுவணும். வெளிய போலாம்.”

திங்கட்கிழமை பட்டறையைப் பூட்டிவிட்டு அரங்க மேனேஜரைப் பார்க்கப் போனார். திருத்திய கோப்பைக் கையோடு கொண்டுபோனார். மேனேஜர் பக்கோடா பொட்டலம் போல எதையோ மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு அதே கையை நீட்டினார். பிசுக்கு.

“சார், அது மோதல. அந்தக் கலம் மோதவே இல்ல. பக்கத்துல போயிட்டு தாண்டிப் போயிடுச்சு. இப்பவும் போய்க்கிட்டுதான் இருக்கு.”

“போகட்டுமே சார். யாரு வேணாங்கிறா?”

“நீங்க மோதிச்சுன்னு காட்டுறீங்க.”

“நாங்களா காட்டுறோம்? உங்க பாதைதானே? உங்க பேருதானே போட்டிருக்கு?”

அவர் கொண்டுவந்த பென்டிரைவை மேசைமேல் வைத்தார். “அது என் தப்பு. திருத்திட்டேன். இதப் போடுங்க” என்றார்.

“இதுல மோதுமா?”

“மோதாது.”

“பின்ன அந்தச் சவுண்டை நான் எங்க வைக்கிறது?” மேனேஜர் உண்மையாகவே கேட்டார். “சேர் ஆடுறதுக்கு மட்டும் ஆறு மாசம் அலைஞ்சோம் சார். பசங்க அந்த இடத்துக்குத்தான் வர்றாங்க. தினம் தொள்ளாயிரம் பேரு. நீங்க பாட்டுக்கு பக்கத்துல போச்சு, போட்டோ புடிச்சுதுன்னா, எழுந்து போயிடுவானுங்க.”

“அப்ப எம் பேரையாவது எடுத்துருங்க.”

மேனேஜர் அவரையே பார்த்தார். ஏதோ புரிந்துவிட்டதைப் போலத் தலையாட்டினார். “பேரு விஷயம் நான் பாத்துக்கறேன் சார். நீங்க கவலைப்படாதீங்க.”

இரண்டு வாரம் ஆயிற்று. பெயர் போகவில்லை. மைத்துனனைக் கூப்பிட்டார்.

“மாப்ள, நீதானே ஓட்டுற? பழச எடுத்துட்டு இதப் போட்டுரு.”

“அத்தான், அடுத்த மாசம் என்னை பர்மனென்ட் பண்ற லிஸ்ட்டு போகுது.”

“ஒரே ஒரு கோப்பு. யாருக்குத் தெரியப்போகுது?”

“உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி தெரியும்” என்றான். ஆனாலும் வாங்கிக்கொண்டு போனான். அக்காள் வீட்டுக்காரர் தன்னிடம் எதையும் கேட்டதில்லை என்பதால் இருக்கலாம்.

புதன்கிழமை பதினோரு மணிக் காட்சி. செவ்வாய் பெரிதாக வந்தது. குரல் வீரக் கலத்தைப் பற்றிச் சொன்னது. இடி இடித்தது. நாற்காலிகள் ஆடின. தரையைத் தொட்டால்தான் வரும் வெள்ளை வெளிச்சம் மட்டும் வரவில்லை, கலம் பாட்டுக்குக் கிரகத்தைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. ‘மோதிச் சிதறியது’ என்றது குரல். ஒரு பள்ளிக்கூடம் மொத்தமும் விழுந்து விழுந்து சிரித்தது. “டேய், செத்தது ஓடுதுடா!” என்று ஒருவன் கத்தினானாம். மேனேஜர் இரண்டிரண்டு படியாக ஏறி ஓட்டுகிற அறைக்கு வந்தார். பன்னிரண்டரைக் காட்சிக்குப் பழைய பாதை வந்துவிட்டது. மைத்துனனுக்கு விளக்கம் கேட்டு ஒரு காகிதமும் வந்தது.

மனைவி அழவில்லை. “உங்க ராக்கெட்டு எங்கயோ போயிட்டு போகுது. எந் தம்பி எங்க போவான்?” என்று மட்டும் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை மேனேஜரே போன் செய்தார். குரலில் தேன்.

“சார், உங்க மனசு எனக்குப் புரியாம இல்ல. பேரு சின்னதா, கூட்டத்தோட கூட்டமா ஓடுதுன்னு உங்களுக்கு வருத்தம். நியாயம்தானே? சரி பண்ணிட்டேன். தனியா, பெருசா வருது. நாளைக்கு நீங்க வரணும். ஒரு போட்டோ எடுத்து வாசல்ல மாட்டுறோம். உங்க மச்சினன் விஷயத்தையும் அப்படியே முடிச்சிருவோம்.”

“நான் அதுக்காகக் கேக்கல.”

“தெரியும் சார், தெரியும். பெரிய மனுஷங்க வாய் விட்டுக் கேக்க மாட்டாங்க.”

சனிக்கிழமை போனார். இஸ்திரி போட்ட சட்டையை மனைவி எடுத்து வைத்திருந்தாள். இடி இடித்தது, கூரை எரிந்தது, கைதட்டினார்கள். பின் கருப்புக் கூரையில் அவர் பெயர் மட்டும் வந்தது. ஓர் எழுத்து ஓர் ஆள் உயரம். அதற்கும் கைதட்டினார்கள். வாசலில், எரிகிற கலத்தின் பெரிய படத்துக்கு முன்னால் அவரை நிற்கவைத்தார்கள். மேனேஜர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

“சிரிங்க சார். பல்லு தெரியணும். உங்களுக்கே நான் சொல்லணுமா?”

மேனேஜருக்கு மேல்வரிசையில் நாலு பல் கட்டியது. யார் கட்டினார்களோ, ஒன்று ஏறி நின்றது. அவர் அதையே பார்த்தபடி சிரித்தார். படம் எடுத்தாயிற்று.

கூட்டம் போனபின் மைத்துனன் உள்ளே கூப்பிட்டான். காலி அரங்கம். “உக்காருங்க அத்தான். உங்களுக்காக ஒண்ணு. இடிக்கிற இடத்துல வெள்ளை வெளிச்சம் போட்டு நிறுத்திடுறோம்ல, நிறுத்தாம விட்டா என்னாகுதுன்னு பாத்தேன்.”

சத்தமில்லாமல் ஓட்டினான். கலம் செவ்வாயின் தரையைத் தொட்டது, உள்ளே போய் மறைந்தது. கொஞ்ச நேரம் சிவப்பு மண் மட்டும். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிராய்ப்பும் இல்லாமல் வெளியே வந்து போய்க்கொண்டிருந்தது.

“பாத்தீங்களா? சாகல. போயிருச்சு.” அவன் முகத்தில் ஓர் ஆவல்.

“ஐந்நூத்தி அறுபது கிலோமீட்டர் ஆழத்துல பாறைக்குள்ள போயிட்டு வருது. நிறுத்துடா.”

நிறுத்தினான்.

அவர் வீட்டுக்குப் போகாமல் பட்டறைக்கு வந்தார். மேசைமேல் புதிய அச்சு ஒன்று காத்திருந்தது. வழக்கம்போல் கழுவாதது. ஓரத்தில் உறைந்த ரத்தமும், கடைவாய்ப் பள்ளத்தில் ஏதோ ஒரு பருக்கையும். அதை எடுக்கப் போனவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, முழங்கைவரை தேய்த்துக் கழுவினார். மறுபடியும் ஒருமுறை கழுவினார். அப்புறம்தான் அச்சைத் தொட்டார்.