உட்கார்ந்தால் தெரியும் ஜன்னல்

ஒரகடம் கூட்டுரோட்டைக் கடக்கும்போதெல்லாம் இன்னும் கழுத்து தானாகத் திரும்புகிறது. அங்கே சாலையோரம் இருந்த கான்கிரீட் யார்டில்தான் என் நல்ல காலம் கழிந்தது. சுவர்களை அச்சில் வார்த்து லாரியில் ஏற்றி அனுப்புவோம். டீ நேரத்தில் ஒரே பொட்டலத்திலிருந்து வடையைப் பிய்த்துத் தின்ற அந்தக் கூட்டத்தை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

ஒருமுறை, புதிதாகக் கட்டும் சிறைக்குச் சுவர் ஆர்டர் வந்தது. கைதி கட்டிலில் உட்கார்ந்தபடியே வெளியே மரத்தைப் பார்க்கும்படி டிராயிங்கில் ஜன்னலைத் தாழ்வாக வைத்திருந்தார்கள். நாங்கள் அதுவரை வார்த்ததெல்லாம் கம்பெனி குடோன் சுவர்கள். சுவரோரம் ரேக் நிற்கும் என்பதால் ஜன்னல் தலைக்கு மேலேதான் வரும். அந்தப் பழக்கத்தில் எங்கள் சூப்பர்வைசர் டிராயிங்கே தப்பு என்று முடிவுகட்டி, ஜன்னல் சட்டத்தை மேலே ஏற்றி முதல் சுவரை வார்த்துவிட்டார். கம்பெனி மானத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமை வேறு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாயைத் திறக்கப் பயம். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஸ்டிரைக் வழக்கில் ரிமாண்டில் இருந்தவன் நான். வழக்கு தள்ளுபடியாகிவிட்டது. ஆனாலும் உள்ளே போய் வந்தவன் என்று தெரிந்தால் இந்தப் பக்கம் எவனும் கேட்டுக்குள் விடமாட்டான். அதை மறைத்துத்தான் இங்கே சேர்ந்திருந்தேன்.

டீ நேரத்தில் சூப்பர்வைசரிடம் மெல்ல ஆரம்பித்தேன். "டிராயிங்ல இருக்கிற மாதிரியே கீழ எறக்கிடலாம் சார்."

"ஜெயில்ல குந்திகினு இன்னாப்பா வேடிக்கை? காத்து வந்தா போதாதா?"

"போதாது சார். நான் உள்ள இருந்திருக்கேன்."

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன்.

சூப்பர்வைசர் டீயை வைத்துவிட்டுப் போய், நிமிர்த்தி வைத்திருந்த அந்தச் சுவருக்கு முன்னால் ஒரு சிமெண்ட் மூட்டையை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். முகத்துக்கு நேரே வெறும் கான்கிரீட். ஜன்னல் எங்கோ மேலே. வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"இப்டியேவா இருந்த?"

"ஆமா சார்."

"இத்த ஒடைச்சிடலாம்" என்றார், சுவரைப் பார்த்தபடியே. "நாளைக்கு நீயே சட்டத்த வெய்யி. நீ குந்திக் காட்டு, நான் டேப்பு புடிக்கிறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே இருந்தபோதுகூட நான் அழுததில்லை.