கட்டிப்பால் தராசு

எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஆண்கள் உடம்பை வளர்க்க ஆரம்பித்ததற்குக் காரணம் பெண்கள்தான். இதை இப்போது யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். ஆனால் நடந்தது அதுதான். சம்பளத்தன்று கள்ளுக்கடைக்குப் போன புருஷன் எந்தச் சாக்கடையிலிருந்து எழுந்து வருவானோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த லயத்து வரிசை வீட்டுப் பெண்களுக்கு, இளைஞர் மன்றத்துக்காரர்கள் உடற்பயிற்சிக் கூடம் திறந்து, உறுப்பினர் யாரும் கள்ளைத் தொடக்கூடாது என்று பலகையில் எழுதி மாட்டியது பெரிய வரமாக இருந்தது. அம்மா அப்பாவையும் தன் தம்பியையும் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக அங்கே அனுப்பிவைத்தாள். அந்தத் தம்பிதான் என் மாமா.

கூடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். உரமூட்டை அடுக்கிவைத்திருந்த பழைய ஸ்டோர் அது. பால் மாவு டின்களில் சிமெண்டைக் கரைத்து ஊற்றி, நடுவில் இரும்புக் குழாயைச் செருகிக் காயவைத்தால் அதுதான் பளு. டின் மேல் ஒட்டியிருந்த குண்டுக் குழந்தையின் படத்தை யாரும் உரிக்கவில்லை. நம் ஆட்கள் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கும்போது இரண்டு பக்கமும் குழந்தைகள் சிரித்துக்கொண்டிருக்கும். விடியும் முன்னே ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய், மதியம் திரும்பி, கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு, சாயங்காலம் இந்தக் கூத்து. லயத்தில் ஒரு கோழிகூட அடை உட்காரவில்லை. முட்டையின் சூடு ஆறுவதற்குள் யாராவது ஒரு வீரர் அதை உடைத்து வாயில் ஊற்றிக்கொண்டு போய்விடுவார்.

மாமாவுக்கு அம்மாதான் எல்லாம். பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபின், அவரைத் தூக்கி வளர்த்து, கல்யாணமாகி வந்தபோது சீர்வரிசையோடு சீர்வரிசையாக அவரையும் கூட்டிக்கொண்டு வந்தவள். அப்பாவும் மாமாவும் பக்கத்துப் பக்கத்து மர நிரையில் பால் வெட்டினார்கள், ஒரே குழாயின் இரண்டு முனையைப் பிடித்துப் பளு தூக்கினார்கள். மச்சான் மச்சான் என்று மாமா அப்பாவின் பின்னாலேயே திரிவார். என்னை ஒரு கையில் தொங்கவிட்டு ஊஞ்சல் ஆட்டிக்கொண்டே இன்னொரு கையால் தேத்தண்ணி குடிப்பார். உலகத்தில் மாமாவைவிடப் பலசாலி கிடையாது என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

முதல் ஆணழகன் போட்டிக்கு ஈப்போவுக்குப் போனது நன்றாக நினைவிருக்கிறது. மன்றத்தில் லோரி அண்ணன் என்று ஒருவர் இருந்தார்; தோட்டத்து லோரி அவர் கையில்தான். அதில் வீரர்களோடு நாங்களும் ஏறிக்கொண்டோம். ஈப்போ ஜிம்களிலிருந்து வந்த சீன வாலிபர்கள் எதையோ பூசி மினுமினுவென்று நின்றார்கள். நம் ஆட்கள் தேங்காய் எண்ணெய். மேடை விளக்குச் சூட்டில் அது உருகி வழிந்து, மண்டபமே சட்னி தாளித்த வாசனை. கையகலத் துணியோடு தன் தம்பி மேடையில் நின்று முதுகைக் காட்டியபோது அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வெட்கத்தில் அழுதாளா பெருமையில் அழுதாளா என்று தெரியவில்லை. ஈப்போ வாலிபன் ஒருவனுக்கு முதல் பரிசு. மாமா இரண்டாவது, அப்பா மூன்றாவது. ஒரே வீட்டுக்கு இரண்டு கோப்பை.

நடுவர்களில் ஒருவர் ஏதோ ஒரு பேங்கில் பெரிய ஆளாம். அடுத்த வருடம் முதல் பரிசு வாங்கினால் பேங்கு வாசலில் ஜாகா வேலை போட்டுத் தருகிறேன் என்று மாமாவின் தோளைத் தட்டிச் சொல்லியிருக்கிறார். காக்கிச் சட்டை, கையில் துப்பாக்கி, மழை பெய்தாலும் சம்பளம். மழை பெய்தால் பால் வெட்டு கிடையாது, சம்பளமும் கிடையாது என்று வாழ்ந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது சொல்லிப் புரியவைக்க முடியாது. அதுவும் அந்த வருடம் தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட ஆரம்பித்திருந்தார்கள். மரம் போனால் நிரை போகும், நிரை போனால் வீடும் போகும். அம்மா சாமி படத்துக்குக் கீழே மாமாவின் கோப்பையை வைத்துத் தினமும் திருநீறு பூசினாள்.

மாமாவின் எடைப் பிரிவில் அந்த ஈப்போ வாலிபன் இருக்கும்வரை முதல் பரிசு கிடைக்காது. அதனால் மாமா உடம்பை இளைத்து அடுத்த கீழ்ப் பிரிவில் இறங்குவது என்று அப்பாவும் லோரி அண்ணனும் முடிவு செய்தார்கள். சோறு நின்றது, உப்பு நின்றது. போட்டி நெருங்கியபோது தண்ணீரும் நின்றது. தண்ணீர் குடிக்காமல் இருந்தால் நரம்பு புடைத்துக்கொண்டு தெரியுமாம். மாமா உதடு வெடித்து, எச்சிலைக்கூட விழுங்காமல் துப்பிக்கொண்டே நடந்தார். நானும் அவர் பின்னால் துப்பிக்கொண்டே நடந்து அம்மாவிடம் அடி வாங்கினேன்.

இங்கேதான் தராசு வருகிறது. மரத்தில் பால் வடியும் கிண்ணமான மங்கில் உறைந்து கெட்டியாகிப்போன பாலைக் கட்டிப்பால் என்போம். அதை நிறுத்துக் கணக்கெழுதும் பெரிய தராசு ஸ்டோர் வாசலில் இருந்தது. மன்றத்து ஆட்கள் தங்களையும் அதில்தான் நிறுத்துக்கொண்டார்கள். அந்தத் தராசு குறைத்துக் காட்டும் என்பது பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். எங்கள் ஆட்கள் சுமந்துகொண்டு வந்த பாரத்தில் ஒரு பங்கை அது வருடக்கணக்காக விழுங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் யாரோ புகார் கொடுக்க, அரசாங்க ஆள் ஒருவர் வந்து தராசைச் சரிசெய்து, ஈய முத்திரை வைத்துவிட்டுப் போயிருந்தார்.

போட்டிக்கு முந்தின நாள், சனிக்கிழமை மதியம், மாமா தராசில் ஏறினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். முள் நிற்க வேண்டிய இடத்தில் வந்து நின்றது. மாமா கீழே இறங்கி என்னைத் தூக்கப் பார்த்தார். தெம்பில்லாமல் பாதியில் இறக்கிவிட்டுச் சிரித்தார்.

லோரி அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "இந்தத் தராச நம்பியா ஈப்போ போற? இது காட்டுறதுக்கு மேல ரெண்டு கிலோவாச்சும் இருக்கும் லா."

"முத்திர வச்சிருக்காங்களே அண்ணே?" என்றார் மாமா.

"முத்திர வச்சா தராசு திருந்திருமா? இத்தன வருசம் நம்மள ஏச்சுச்சு, இன்னிக்கு மட்டும் உண்மைய சொல்லுமா?"

அப்பாவும் தலையை ஆட்டினார். அதில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் இல்லை. எனக்கும்தான்.

அடுத்து நடந்தது நான் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகையில் காயவைக்கும் புகை வீடு அன்றைக்குக் காலியாகக் கிடந்தது. சாவி லோரி அண்ணனிடம் இருந்தது. உள்ளே உட்கார்ந்து வேர்த்துக் கொட்டினால் எடை தானாக இறங்கிவிடும் என்று கணக்குப் போட்டார்கள். புகைதான் கெடுதல் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் புத்திசாலித்தனமாக ரப்பர் விறகை வெளியில் எரியவிட்டு, புகை அடங்கிய தணலை மட்டும் தகரத்தில் அள்ளி உள்ளே வைத்தார்கள். தணலிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் வரும் நச்சுக் காற்றுதான் ஆளைச் சாய்க்கும் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. மாமா கம்பளிச் சட்டைக்கு மேல் மழைக்கோட்டும் போட்டுக்கொண்டு உள்ளே போனார். லோரி அண்ணன் மறுநாள் பயணத்துக்கு லோரியைக் கழுவப் போனார். அப்பா மட்டும் கதவுக்கு வெளியே காவல்.

நான் பார்த்தது, மாமாவை அப்பா தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்ததை. மாமாவின் முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. முகம் இவ்வளவு களையாக இருக்கிறதே, இந்த வருடம் மாமாவுக்குத்தான் முதல் பரிசு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

உயிர் போகவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் கண் திறந்த மாமாவுக்கு அம்மாவைத் தெரியவில்லை. கரண்டியைக் கொடுத்தால் அதை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. மூளைக்குக் காற்றுப் போகாமல் கெட்டுவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பா அம்மாவின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ரெண்டு தடவ தொறக்கப் போனேன். அவன்தான், 'தொறக்காதீங்க மச்சான், இன்னும் அரக் கிலோ'ன்னான்."

"வாயில்லாம கெடக்கிறவன் மேல பழியப் போடுங்க," என்றாள் அம்மா. "நல்லா போடுங்க."

அதற்குப் பிறகு அவள் அப்பாவிடம் பேசவில்லை.

அந்த வாரத்தில் ஒரு நாள் லோரி அண்ணன், கடையில் வாங்கிவந்த, தையல் பிரிக்காத அரிசி மூட்டையைக் கொண்டுபோய்த் தராசில் வைத்தார். எதற்கு வைத்தார் என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. மூட்டையின் மேல் அச்சடித்திருந்த எடைக்கு நேராக முள் சொன்னபடி நின்றது. லோரி அண்ணன் அங்கேயே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மாமா அதற்கு மேல் ஒரு குண்டுமணி எடைகூட இறங்கியிருக்க வேண்டியதில்லை. ஒரு மூட்டையை வைத்துப் பார்க்க அதற்கு முன்னால் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

மன்றத்துக் கதவு பூட்டப்பட்டது. டின் குழந்தைகள் இருட்டில் சிரித்துக்கொண்டு கிடந்திருக்க வேண்டும். ஆண்கள் ஒவ்வொருவராகக் கள்ளுக்கடைக்குத் திரும்பினார்கள். அப்பா மட்டும் போகவில்லை. போயிருந்தால் அம்மாவுக்கு அவரைத் திட்டவாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

அம்மா பேசாமல் போனதால் வீட்டில் எனக்கு ஓர் உத்தியோகம் கிடைத்தது. "சோறு இருக்குன்னு சொல்லு," என்பாள் அம்மா. அப்பா கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார். நான் நடந்து போய், "சோறு இருக்காம்," என்பேன். "அப்புறம் சாப்புடுறேன்னு சொல்லு," என்பார் அப்பா. அவர்கள் இருவரும் எனக்காகவே கண்டுபிடித்த விளையாட்டு என்று நினைத்திருந்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். பள்ளிக்கூடத்தில்கூடப் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

மாமாவைக் கொஞ்ச காலம் வீட்டில் வைத்துப் பார்த்தார்கள். அடுப்பில் நெருப்பைக் கண்டால் கத்திக்கொண்டு ஓடுவார். ஒருமுறை தடுத்த அம்மாவின் கையை முறுக்கிவிட்டார். அந்தக் கையில் இன்னும் பலம் இருந்தது. கடைசியில் தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கேயே பல வருடம் இருந்து, அங்கேயே போய்ச் சேர்ந்தார். வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் நாங்கள் பஸ் மாறி மாறிப் பார்க்கப் போவோம். அப்பாவும் வருவார். ஆனால் உள்ளே வரமாட்டார். பஸ் வருகிறதா என்று பார்க்கிறேன் என்று சொல்லி வெளிக்கேட்டிலேயே நின்றுவிடுவார். யாராவது நின்று பார்த்தால்தான் பஸ் வரும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் நாங்கள் போய் இறங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. அப்பா வழக்கம்போலக் கேட்டிலேயே நின்றார். அம்மா திரும்பிப் பார்க்காமலே, "நனைஞ்சு காய்ச்சல் வந்தா யாரு பாக்குறதுன்னு கேளு," என்றாள். நான் ஓடிப்போய்க் கேட்டேன். அப்பா எங்கள் பின்னால் வந்தார்.

மாமா வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். உடம்பு உருகிப் போயிருந்தது. அம்மா எலுமிச்சைச் சோற்றைப் பிசைந்து ஊட்ட, வாங்கிக்கொண்டே வந்தவர், தலை சொட்டச் சொட்ட வாசலில் நின்ற அப்பாவைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்தினார். அதுவரை அவர் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் வந்து நான் கேட்டதில்லை. கையை முன்னால் நீட்டி, ஒரு கதவை உள்ளேயிருந்து தள்ளிப் பிடிப்பவர் மாதிரி வைத்துக்கொண்டார்.

"தொறக்காதீங்க மச்சான்," என்றார். "இன்னும் அரக் கிலோ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமா விளையாடுகிறார் என்று நினைத்து நானும் எதிரில் போய்க் கதவைத் தள்ளுவது மாதிரி கையை வைத்தேன். அவர் மறுபடியும் அதையே சொன்னார், மறுபடியும் சொன்னார். அம்மாவின் கை சோற்றோடு அப்படியே நின்றது. அப்பா சுவரோரமாகத் திரும்பிக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா நடுவில், நான் ஓரத்தில், அப்பா ஜன்னல் பக்கம். வழக்கமாக நடுவில் உட்காருவது நான்தான். பஸ் செம்மோர் ஊரைத் தாண்டியது. பிறகு அம்மா பையிலிருந்து மீதிச் சோற்றுப் பொட்டலத்தை எடுத்தாள்.

"சாப்புடுங்க," என்றாள்.

நான் எட்டிப் பார்த்து, "அப்பா, சாப்புடணுமாம்," என்றேன்.

"நீ சும்மா இரு," என்றாள் அம்மா. "எனக்கு வாய் இருக்கு." பொட்டலத்தை அப்பாவின் கையிலேயே வைத்து, அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

எனக்குக் கோபமும் அழுகையுமாக வந்தது. என்ன தப்புச் செய்தேன் என்று என் வேலையைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று தெரியவில்லை. அப்பா பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அவருக்குப் பசியில்லை போலிருக்கிறது, எனக்காவது கொடுக்கலாமே என்று அம்மாவின் மடிக்கு மேலாகக் கையை நீட்டினேன்.