ஒன்றாம் நம்பருக்கு வைத்த பொட்டு

எட்டு வயதில் நான் ஒரு ஜீப்பைக் காப்பாற்றியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் குறைந்தது இருபது பேரிடமாவது இதைச் சொல்லியிருப்பேன். நம்பாதவர்களுக்கு இரண்டு முறை சொன்னேன்.

பெரம்பலூர் தனி மாவட்டமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. குன்னத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற அந்தப் பெட்ரோல் ஜீப் தாத்தா வாங்கியது. பாகம் பிரிக்காத சொத்து என்பதால் மெட்ராஸில் வேலை பார்த்த பெரியப்பாவுக்கு அதில் பாதி. வருடத்துக்கு ஒருமுறை ஆயுத பூஜைக்கு வந்து தன் பாதியைப் பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் முழு ஜீப்பையும் ஓட்டியது அம்மா. சிமெண்ட் லாரியில் கேரளா பக்கம் போகும் அப்பா வாரக்கணக்கில் வரமாட்டார். விடிந்தால் பருத்தி எடுக்கும் பெண்களை அம்மா ஏற்றிக்கொண்டு போவாள். சாயங்காலம் அதே பெண்களோடும் வெங்காய மூட்டைகளோடும் திரும்புவாள்.

"நம்ம வூட்டுப் பொம்பளை கியரு போட்டுக்கிட்டுத் திரியறதை நாலு பேரு நாலு விதமா பேசுறான்" என்பார் பெரியப்பா.

"அந்த நாலு பேரும் நம்ம வண்டியிலதான் மாமா போறாங்க. நாளைக்கு ஏறுனதும் என்னன்னு கேட்டுச் சொல்றேன்" என்பாள் அம்மா.

அந்த வருடம் பெரியப்பா அரியலூரில் ஒரு ஆளிடம் ஜீப்பை விற்கப் பேசிவிட்டே ஊருக்கு வந்திருந்தார். பூஜையன்று காலையில், விற்கப்போகும் மாட்டைக் குளிப்பாட்டுவது போல அவரே ஹோஸ் பிடித்து, பானெட்டைத் திறந்துவைத்து, இஞ்சின் வரை கழுவினார். பிறகு சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். நான் கையை நீட்டினேன்.

"வண்டிக்குப் பெரியவங்கதான் வைக்கணும். நீ போயி முறத்துக்கும் சைக்கிள் பம்புக்கும் வை."

முறத்துக்கு வைத்தேன். பம்புக்கும் வைத்தேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை. அவர் வெளியில் வைத்தால் நான் உள்ளே வைப்பது என்று முடிவெடுத்தேன். இஞ்சினின் பக்கவாட்டில் பிளக் ஒயர்கள் வந்து சேரும் கறுப்பு மூடி ஒன்று உண்டு, டிஸ்ட்ரிபியூட்டர் என்பார்கள், ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுப்பது. மழை நாளில் வண்டி முக்கினால் அம்மா அதன் இரண்டு கிளிப்பையும் நெம்பித் திறந்து, உள்ளே உலர்ந்த துணியால் துடைப்பாள். காமாட்சி விளக்கைக்கூட அவள் அவ்வளவு பயபக்தியோடு துடைத்து நான் பார்த்ததில்லை. அப்படியென்றால் கருவறை அதுதானே?

பெரியப்பா வாழையிலை அறுக்கப் போன நேரத்தில் மூடியைத் திறந்தேன். உள்ளே வட்டமாக நான்கு பித்தளைக் குமிழ். அம்மா ஒன்றாம் நம்பர் என்று சொல்லும் குமிழுக்குச் சந்தனத்தைக் குழைத்து அள்ளி வைத்து, நடுவில் குங்குமமும் அப்பினேன். அத்தோடு விரலில் இருந்தது தீர்ந்துவிட்டது. மற்ற மூன்றுக்கும் வெறும் விரலால் தொட்டுக் கும்பிட்டு, மூடியை மாட்டிவிட்டு வந்து, நல்ல பிள்ளையாகப் பொரி தின்றேன்.

சூடம் காட்டி முடிந்தது. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து அம்மா வண்டியைக் கிளப்பினாள். பழங்கள் நசுங்கின. கூடவே சைலன்சரில் 'டப்' என்று ஒரு வெடி. வண்டி குலுங்கியது. இன்னொரு 'டப்'. ஒரு கால் சுளுக்கியவன் ஓடுவது போல இஞ்சின் தத்தித் தத்தி ஓடியது.

"சாமி முன்னாடியே இப்படிப் பண்ணுதே. சகுனம் போதும்மா. நாளைக்கே தள்ளி விட்டுருவோம்" என்றார் பெரியப்பா. குரலில் வருத்தம் இருந்தது, முகத்தில் இல்லை.

அம்மா இறங்கி வந்தாள். "நாளைக்குக் காலையில உங்களுக்கு அரியலூர்ல ரயிலு. இதே வண்டியில நான் கொண்டுபோயி வுடுறேன். வழியில ஒருதரம் முக்கினாக்கூட அங்கயே வித்துட்டு ரயில் ஏறுங்க. முக்கலைன்னா இந்தப் பேச்சை இத்தோட வுட்டுரணும்."

பெரியப்பா சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்.

தெருமுனைப் பட்டறை பாய் வந்தார், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. பூஜை போட்ட சாமானை மறுநாள் வரை யாரும் தொடக்கூடாது. பட்டறைப் பையன்கள் அவருடைய ஸ்பேனருக்கெல்லாம் பொட்டு வைத்துப் படுக்கவைத்துவிட்டார்கள். "இன்னிக்குத் தொட்டா பசங்க என்னைத்தான் அக்கா பட்டறைய வுட்டுத் தொரத்துவானுங்க" என்றார். தூரத்தில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "கார்ப்பரேட்டர்ல அடைப்பு" என்றார்.

"அடைப்புன்னா நாலு சிலிண்டரும்ல பாய் திணறணும்? இது ஒண்ணு மட்டும் நொண்டுற சத்தம்."

பாய் மறுபடி காதைக் கொடுத்தார். "நொண்டுறதுதான்" என்று ஒப்புக்கொண்டார்.

அம்மா நேராகப் பூஜை அறைக்குப் போய், சரஸ்வதி படத்துக்கு முன்னால் பொட்டோடு படுத்திருந்த பிளக் ஸ்பேனரை எடுத்தாள். பெரியப்பாவுக்கு வாய் திறந்தது. "ஏம்மா, தொடக்கூடாதும்மா."

"ஆயுதத்துக்குத்தானே மாமா பூஜை? வேலை செஞ்சா அது கோவிச்சுக்காது."

இஞ்சினை ஓடவிட்டு, உலர்ந்த துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டினாள். நான்காவதைப் பிடுங்கியதும் வண்டி இன்னும் மோசமாகக் குலுங்கியது. மூன்றாவதுக்கும் இரண்டாவதுக்கும் அப்படியே. ஒன்றாவதைப் பிடுங்கினாள். சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"ஒண்ணாம் நம்பரு வேலையே பாக்கலை" என்றார் பாய்.

அந்தப் பிளக்கைக் கழற்றி இரண்டாவதோடு மாற்றிப் போட்டாள். அப்போதும் ஒன்றாவதுதான் செத்துக் கிடந்தது. ஆக, பிளக்கில் குற்றமில்லை, அதற்குக் கரண்டு வரவில்லை. ஒயரையும் மாற்றிப் பார்த்தாள், அதிலும் குற்றமில்லை. அப்புறம் இஞ்சினை நிறுத்திவிட்டு, அந்த இரண்டு கிளிப்பில் விரலை வைத்தாள்.

மூடி திறந்தது. அம்மா உள்ளே பார்த்தாள், திரும்பி என்னைப் பார்த்தாள். அப்புறம் முந்தானையை உள்ளே விட்டு அழுத்தித் துடைத்தாள்.

எனக்கு நெஞ்சு கொதித்தது. பெரியப்பா கழுவிய கழுவில் ஊறிப்போன வண்டி, மூன்று காலிலாவது ஓடுவதே என் பொட்டின் மகிமையால் என்று நின்றவன் நான். அதைப் போய் அழிக்கிறாளே!

"அம்மா, அது நான் வ…"

ஒரு முழு வாழைப்பழம் என் வாயில் இறங்கியது. பேச முடியவில்லை, மூச்சு விடவே சிரமமாக இருந்தது. பிள்ளை பசியில் நிற்கிறானே என்று அம்மாவுக்கு எவ்வளவு அக்கறை என நினைத்துக்கொண்டேன்.

"என்னக்கா உள்ள?" என்று பாய் எட்டிப் பார்த்தார்.

"ஈரம்."

மஞ்சளும் சிவப்புமாய் இருந்த முந்தானையை அவர் பார்த்தார். லேசாக இருமினார். "ஈரம்தான்" என்றார்.

"மழையே இல்லியே, ஈரம் எங்கேருந்து?" என்றார் பெரியப்பா.

அம்மா ஹோஸைப் பார்த்தாள். பாயும் ஹோஸைப் பார்த்தார். பெரியப்பா மட்டும் எங்கேயும் பார்க்காமல் வீட்டுக்குள் போனார்.

மறுநாள் காலை எனக்கு முன்சீட்டு. பெரியப்பா பின்னால், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அரியலூர் வரை ஒரு 'டப்'புக்காகக் காதைத் தீட்டிக்கொண்டே வந்தார். சிமெண்ட் லாரிகளுக்கு இடையே வண்டி பஞ்சு மாதிரி போனது. ஸ்டேஷன் வாசலில் வாங்க வந்த ஆள் நின்றிருந்தான். பெரியப்பா அவனிடம் போய் மெதுவாக ஏதோ சொன்னார். அவன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

"வர்றேம்மா" என்றார் பெரியப்பா.

"வாங்க மாமா. அடுத்த பூஜைக்கும் வந்து கழுவிக் குடுங்க" என்றாள் அம்மா.

நான் வீடு வரை அவளோடு பேசவில்லை. பொட்டை அழித்த கோபம்.

அடுத்த வருடம் அவள் யாரும் கேட்காமலே சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள். "பானெட்டுல வை. பெரியப்பா வைக்கிற எடத்துல. எவ்வளவு பெருசா வேணாலும் வச்சுக்க" என்றாள். சொல்லிவிட்டு, மூடியிருந்த பானெட்டின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள், நான் வைத்து முடிக்கும் வரை இறங்கவே இல்லை. ஜீப்பைக் காப்பாற்றியவனுக்கு மரியாதை செய்கிறாள் என்று எனக்கு ஒரே பெருமை.