புத்தி சொல்லும் உத்தியோகம்

சுபத்ராவின் உத்தியோகம் என்னவென்று ஆரணியில் அவள் தெருவுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அப்பா கந்தசாமி தறியை நிறுத்தாமலே, "கம்பெனிங்களுக்குப் புத்தி சொல்ற வேல" என்பார். "அதுக்கெல்லாமா சம்பளம் தராங்க? எங்க வீட்ல ஓசியிலயே சொல்லிகினு இருக்காங்களே!" என்று பக்கத்து வீட்டுக் கற்பகம் ஒருநாள் கேட்டே விட்டாள்.

சென்னையில் ஓர் ஆலோசனை நிறுவனம். ஏழு வருஷமாக அங்கே இருக்கிறாள். அரிசி ஆலை, பஸ் டிப்போ, பால் சங்கம் என்று அவள் உள்ளே புகுந்து பார்த்த தொழில்களை மற்றவர்கள் ஆயுசு முழுக்கப் பார்க்க முடியாது. கூச்சத்தில் வாயே திறக்காத பெண், பத்து முதலாளிகள் உட்கார்ந்த அறையில் "இது சரிவராது சார்" என்று சொல்லக் கற்றுக்கொண்டதும் அங்கேதான். நல்ல வேலைதான், யார் இல்லை என்றது?

ஆனால் ஊர் ஊராக அலைவதில் பெட்டியைப் பிரித்து அடுக்க நேரமில்லை. ஞாயிறு சாயங்காலமானால் மறுபடி அதைத் தூக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, உயிரைக் கொடுத்து எழுதிய அறிக்கை பிறகு என்ன ஆனது என்று ஒருமுறைகூட அவளுக்குத் தெரிந்ததில்லை. கைதட்டுவார்கள், அடுத்த ஊருக்குப் பஸ் ஏறுவாள். நெய்த புடவையை அப்பா விரித்துப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பொறாமையாக இருக்கும்.

இந்த நேரத்தில் செய்யாறு பக்கத்தில் ஒரு தொழிற்சாலை நிரந்தர வேலைக்குக் கூப்பிட்டது. தினமும் வீடு திரும்பலாம். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும். ராஜினாமாக் கடிதத்தைப் போனில் எழுதியும் வைத்துவிட்டாள். அனுப்புவதற்கு முன் ஒரே ஓர் அறிக்கையின் கதியையாவது பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

வெள்ளி இரவு ஆரணிக்கு வந்தவள், சனிக்கிழமை விடிந்ததும் அப்பாவின் வண்டியை எடுத்துக்கொண்டு வெம்பாக்கம் பக்கத்துக் கிராமத்துப் பால் சங்கத்துக்குப் போனாள். மூன்று வருஷத்துக்கு முன் அங்கே பெண்கள் பால் ஊற்ற ஒரே நேரத்தில் வந்து ஒரு மணி நேரம் கால்கடுக்க நிற்பார்கள். தெருவுக்கு ஒரு நேரம் ஒதுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தவள் அவள்.

இப்போது நாலே பேர் நின்றார்கள். அவள் வண்டியை நிறுத்திவிட்டுக் கிட்டே போனாள்.

"கூட்டமே இல்லீங்களே?"

கேன் கழுவிக்கொண்டிருந்த அன்புச்செல்வி, அவள் வயதுக்காரிதான், நிமிராமலே சொன்னாள். "முன்னல்லாம் ஒரே பேஜாருங்க. எவளோ கம்பெனிக்காரி வந்து தெருவுக்கு ஒரு டைம்னு எழுதிக் குடுத்துட்டுப் போனா. பாதி சரி, பாதி தப்பு."

"இன்னா தப்பு?"

"ஒரே தெருவுல ஒருத்திக்கு ஸ்கூல் வேன், இன்னொருத்திக்குக் கழனி வேல. தெரு ஒண்ணுன்னா அவசரமும் ஒண்ணா? நாங்களே திருத்திக்கினோம். புள்ளைங்கள அனுப்புறவங்க மொதல்ல, கழனிக்குப் போறவங்க அடுத்து, மத்தவங்க கடைசி."

சுபத்ராவுக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தன. "அந்தக் கம்பெனிக்காரி நான்தாங்க."

அன்புச்செல்வி நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்பவே எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

கேட்கவில்லைதான். அங்கே இருந்த மூன்று வாரமும் செயலாளர் அறையில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து பதிவேடுகளைப் புரட்டியதோடு சரி. அது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் தான் எழுதியது வீணாகவில்லை, பாதியாவது உயிரோடு இருக்கிறது என்பதில் வந்த சந்தோஷம் அதைவிடப் பெரிது.

அங்கேயே வண்டியில் சாய்ந்தபடி ராஜினாமாக் கடிதத்தை அழித்தாள். மேலதிகாரி கோபிநாத்துக்கு வேறொன்று எழுதினாள். எங்கே போனாலும் முதல் வாரம் அங்கே வேலை செய்கிறவர்களோடுதான் இருப்பேன், ஆறு மாதம் கழித்து ஒருநாள் திரும்பப் போய்ப் பார்ப்பேன், சம்மதமென்றால் இருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை கோபிநாத் கூப்பிட்டார். "ஒரு இடத்துல செஞ்சு பாருங்க, அப்புறம் பேசலாம்" என்றார். தொழிற்சாலைக்கு நன்றி சொல்லி, வர இயலாது என்று எழுதினாள்.

புதன்கிழமை வேலூரில் ஓர் ஆஸ்பத்திரி. மேனேஜர் அறையில் அவளுக்காக நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். அவள் வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்து, தரை பெருக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் கேட்டாள். "இங்க உங்களுக்கு எதுங்க ரொம்பக் கஷ்டமா இருக்குது?"

அந்த அம்மா பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். "என்னையா கேக்கறீங்க?"

"உங்களத்தாங்க."

அவர் துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.